மொராக்கோ புதினா டீ: நான் போட்டால் மட்டும் ஏன் கறுத்துக் கசக்கிறது?

மூன்றாம்மாடி எழுதியது:

நாங்கள் அல் ஜதீதாவுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. கணவருக்கு ஜோர்ஃப் லஸ்ஃபர் துறைமுகத்தை ஒட்டிய உரத் தொழிற்சாலையில் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதம் கீழ்வீட்டு அம்மாதான். கட்டடத்தில் எல்லோரும் அவரைக் கால்தி என்றே கூப்பிடுகிறார்கள், நம் சித்தி முறை. நானும் அப்படியே பழகிவிட்டேன்.

வாரத்தில் இரண்டு நாளாவது கதவைத் தட்டுவார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்து அத்தாய் ஊற்றித் தருவார். அத்தாய் என்றால் இங்கே டீ. பச்சைத் தேயிலையில் புதினாவும் சர்க்கரையும் போட்டது. அவர் போடுவது தேன் நிறத்தில் இருக்கும், மேலே வெள்ளையாக நுரை. வாயில் வைத்ததும் இனிப்பு, அடுத்து புதினா, விழுங்கின பிறகுதான் தேயிலையின் துவர்ப்பு வந்து நாக்கின் ஓரத்தில் நிற்கும். நான் போட்டால் வருவது சேற்றுத் தண்ணீர்.

முதல் தடவை, பால் டீ போட்டுப் பழகின கை, அந்த வழக்கத்திலேயே செய்துவிட்டேன். ஒரு லிட்டர் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி தேயிலை, ஒரு கட்டுப் புதினா முழுவதும், பத்து நிமிடம் தளதளவென்று கொதி. வடிகட்டிப் பார்த்தால் புதினா இலையெல்லாம் கறுத்து, வெந்த கீரை வாடை. கசப்போ கஷாயம் தோற்றது. இரண்டாம் தடவை தேயிலையைக் குறைத்தேன், வெறும் புல் தண்ணீர். மூன்றாம் தடவை சுமாராக வந்தது. ஆனால் கிளாஸில் சர்க்கரை போட்டுக் கரண்டியால் கலக்கினேன், நுரையே இல்லை.

கால்தியிடமே கேட்கலாம்தான். எனக்குத் தெரிந்த தாரிஜா, அதாவது இங்கே பேசுகிற அரபி, மொத்தமே பத்துச் சொல். நான் பக்கத்தில் நின்று பார்க்கும்போதெல்லாம் அவர் ‘ஷுவிய, ஷுவிய’ என்று விரலைக் குவித்துக் காட்டுவார். கொஞ்சம் என்று அர்த்தம். தேயிலையா, தண்ணீரா, நெருப்பா, எது கொஞ்சம் என்றுதான் பிடிபடவில்லை.

பார்த்த வரைக்கும் ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. தேயிலையில் முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி ஒரு கிளாஸில் வடித்துப் பத்திரமாக எடுத்து வைக்கிறார். அப்புறம் இன்னொரு முறை ஊற்றி, குலுக்கி, அதைத் தொட்டியில் கொட்டிவிடுகிறார். ஏன் ஒன்றை வைத்து ஒன்றைக் கொட்ட வேண்டும்? உயரத்திலிருந்து ஊற்றுவது அவசியமா, சும்மா அழகுக்கா? கணவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. இனிப்பைக் குறைத்தால் டீ கெட்டுப்போகுமா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை கால்தியை மேலே கூப்பிட்டிருக்கிறேன். மானத்தைக் காப்பாற்றுங்கள்.

அவசரக்குடுக்கை எழுதியது:

இதற்கு இவ்வளவு மெனக்கெடலா? உயரத்திலிருந்து ஊற்றுவதெல்லாம் மராகேஷில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் வித்தை. டீ பை இரண்டைப் போட்டு, மேலே நாலு புதினா இலை கிள்ளிப் போடுங்கள். முடிந்தது வேலை.

தர்ப் உமர் கணக்குப்பிள்ளை எழுதியது:

அவசரக்குடுக்கை தம்பி, அந்த டீயைக் கால்திக்குக் கொடுத்தால் அவர் குடித்துவிடுவார், மரியாதைக்கு. மறுபடி மாடி ஏறமாட்டார்.

சகோதரி, நான் காசாபிளாங்காவில் ஒன்பது வருடம் இருந்தவன். தர்ப் உமர் என்று மொத்த வியாபாரப் பேட்டை ஒன்று உண்டு. அங்கே ஒரு தேயிலை இறக்குமதிக்காரரிடம் கணக்கு எழுதினேன். காலையில் மாதிரிகள் வந்ததும் முதலாளி வரிசையாக கிளாஸ் வைத்து ருசி பார்ப்பார், மிச்சத்தைக் குடிப்பது என் வேலை. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பெட்டியை எடுத்துப் பாருங்கள். 3505, 41022, 9371 என்று ஏதாவது எண் இருக்கும். அது விலையும் இல்லை, தேதியும் இல்லை. சீனத்து ஏற்றுமதித் தரத்தின் எண். இங்கே குடிக்கிற பச்சைத் தேயிலை கிட்டத்தட்ட எல்லாமே சீனத்திலிருந்து வருவதுதான். 3505 என்றால் கன்பவுடர், இலையைச் சின்ன உருண்டையாகச் சுருட்டியது. கடைக்காரர் அதை ஹபூப் என்பார், மணி. 41022, 9371 எல்லாம் சுன்மீ, புருவம் மாதிரி வளைந்த இலை. அதற்கு இங்கே ஷஅரா, அதாவது முடி, என்று பெயர். எது நல்லது என்று கேட்டால் தர்ப் உமரில் சண்டை வரும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மணித் தேயிலைதான் என் சிபாரிசு. வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கொட்டிப் பாருங்கள். நல்லது என்றால் கடுகு விழுகிற மாதிரி சத்தம் கேட்கும், உருண்டை இறுகி லேசாகப் பளபளக்கும். தட்டைச் சாய்த்தால் தூள் ஒட்டிக்கொண்டு நின்றால் அது அடிச்சாக்கு.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. ஒன்றை வைத்து ஒன்றைக் கொட்டுவது. உங்கள் சேற்றுத் தண்ணீருக்கு மருந்தும் அதுதான்.

ஆறு சின்ன கிளாஸுக்கு, அதாவது முக்கால் லிட்டர் பர்ராதுக்கு, ஒரு மேசைக்கரண்டி தலைதட்டி மணித் தேயிலை. பர்ராத் என்றால் கால்தி வைத்திருக்கும் அந்த வயிறு பருத்த உலோகக் கெண்டி. கொதிக்கிற தண்ணீர் அரை கிளாஸ் ஊற்றுங்கள். குலுக்க வேண்டாம், தொடவே வேண்டாம். அரை நிமிடத்தில் ஒரு கிளாஸில் வடித்துவிடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெளிந்த தேன் நிறம். இதைத் தேயிலையின் உயிர் என்கிறார்கள், ரூஹ். வாசனையில் பெரும் பங்கு இதிலேயே இறங்கிவிட்டது. மூடி வையுங்கள்.

மறுபடியும் ஒரு கிளாஸ் கொதிநீர். இந்தத் தடவை பர்ராதைக் கையில் பிடித்துச் சுழற்றுங்கள், அரிசி களைகிற மாதிரி. ஒரு நிமிடம் பொறுத்து வடியுங்கள். கலங்கலாக, பழுப்பு மஞ்சளாக வரும். உருண்டை பிரிகிறபோது உள்ளே மாட்டிக்கொண்ட தூசியும் முரட்டுக் கசப்பும் அது. கொட்டிவிடுங்கள். இரண்டு கிளாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு தடவை பாருங்கள், அப்புறம் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கமாட்டீர்கள். முதல் தண்ணீரையே கொட்டிவிடுகிற வீடுகளும் உண்டு, நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வீண்செலவாகத்தான் படுகிறது.

எடுத்து வைத்த ரூஹைத் திரும்ப உள்ளே விடுங்கள். கொதிநீர் நிரப்பிச் சின்னத் தீயில் ஏற்றுங்கள், மேலே புதினாவுக்கு மட்டும் இடம் விட்டு. இரண்டு மூன்று நிமிடத்தில் ஓரத்தில் நுரை கட்டி, இலை விரிந்து மேலே எட்டிப் பார்க்கும். அங்கேயே தீயை அணைத்துவிடுங்கள். கால்தியின் ‘ஷுவிய’ இந்தத் தீக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அணைத்த பிறகுதான் புதினா. இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். புதினாவைக் கொதிக்க வைத்தால் பச்சை நிறம் செத்து ஆலிவ் பழுப்பாகிவிடும், மணம் தருகிற எண்ணெய் ஆவியோடு போய்விடும். மிஞ்சுவது வெந்த கீரை. நீங்கள் பத்து நிமிடம் செய்தது அதைத்தான். காம்போடு ஒரு பெரிய கைப்பிடி எடுத்து, அலசி, நடுவில் ஒரு முறை மடக்கி, உள்ளே திணித்து, கரண்டிக் காம்பால் தண்ணீருக்குள் அமுக்குங்கள். மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கிற இலை கறுத்துவிடும். அதைக் குடித்தால் வயிற்றுக்கு ஆகாது என்பார்கள் இங்கே வயதானவர்கள். வயிற்றுக்கு என்னவோ, ருசிக்கு ஆகாது. கூடவே சர்க்கரை. மூடி நாலு நிமிடம்.

கரண்டி போட்டுக் கலக்காதீர்கள். கலக்கினால் இலை கிழிந்து கலங்கும். ஒரு கிளாஸில் ஊற்றுங்கள், அதைத் திரும்பப் பர்ராதில் விடுங்கள். இப்படி மூன்று நாலு தடவை. சர்க்கரை அதிலேயே கரைந்துவிடும். அப்புறம் ஒரு வாய் ருசி பாருங்கள். ஊற்றுகிறவர் ருசி பார்ப்பது இங்கே மரியாதைக் குறைவு இல்லை, பார்க்காமல் ஊற்றுவதுதான் குறைவு.

உயரம் வித்தை மட்டும் இல்லை, தம்பி. தேயிலையிலேயே சபோனின் என்று நுரைக்கிற பொருள் இருக்கிறது. காற்றோடு அடித்து விழுந்தால்தான் அது நுரை கட்டும், டீயும் குடிக்கிற சூட்டுக்கு வரும். இங்கே அந்த நுரைக்கு ரஸ்ஸா என்று பெயர், தலைப்பாகை. தலைப்பாகை இல்லாத டீயை விருந்தாளிக்கு நீட்டமாட்டார்கள். ஆனால் சகோதரி, ஞாயிற்றுக்கிழமையே தோள் உயரத்துக்குப் போக வேண்டாம். கிளாஸில் பர்ராதின் மூக்கை வைத்துத் தொடங்கி, ஊற்ற ஊற்ற ஒரு சாண் மேலே தூக்குங்கள், முடிக்கும்போது கீழே கொண்டுவந்துவிடுங்கள். பயிற்சிக்குப் பச்சைத் தண்ணீர், பாத்திரத் தொட்டிக்குள். எனக்கு மணிக்கட்டு படிய ஒரு மாதம் ஆனது. முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இரண்டு பக்கம் போனது தனிக் கதை.

கசப்பு பிடிக்கும் எழுதியது:

சர்க்கரை பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. நான் ரபாத்தில் இருந்தபோது ஒரு வீட்டில் கணக்குப் பார்த்தேன், ஆறு கிளாஸுக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் போட்டார்கள். அது டீ இல்லை, பாகு. சர்க்கரையே போடாமல் குடியுங்கள், தேயிலை ருசி அப்போதுதான் தெரியும்.

தர்ப் உமர் கணக்குப்பிள்ளை எழுதியது:

தனக்குப் போட்டுக்கொள்ளும்போது சரி. விருந்தாளிக்குச் சரிப்படாது. சர்க்கரை இங்கே வெறும் இனிப்பு இல்லை. நீலத் தாளில் சுற்றிய கூம்பு பார்த்திருப்பீர்கள், காலெப். ஒரு கூம்பு இரண்டு கிலோ இருக்கும். பெண் கேட்டுப் போனாலும் அதுதான் கையில், துக்கம் விசாரிக்கப் போனாலும் அதுதான். காசாபிளாங்காவில் 1929இலிருந்து சர்க்கரை ஆலை ஓடுகிறது. எங்கள் முதலாளி அந்தக் கூம்பைச் சின்னச் சுத்தியால் தட்டி உடைக்கிற அழகே தனி. இரண்டு தட்டுக்கு மேல் தட்டமாட்டார், துண்டு எல்லாம் ஒரே அளவில் விழும்.

இவ்வளவு சர்க்கரை எப்படி வந்தது என்றால், அத்தாயே இங்கே பழசு இல்லை. 18ஆம் நூற்றாண்டில் சுல்தானின் அரண்மனைக்குப் பரிசாக வந்த பொருள். 1853இல் கிரீமியப் போர் தொடங்கியதும் ஆங்கில வியாபாரிகளுக்குப் பால்டிக் பக்கத்துச் சந்தை அடைபட்டது. தேங்கின சரக்கை டாஞ்சியரிலும் மொகதோரிலும் இறக்கினார்கள். மொகதோர்தான் இன்றைய எஸ்ஸவீரா. அதன் பிறகே தேயிலையும் சர்க்கரையும் கைகோத்துக்கொண்டு சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தன. அதற்கு முன்னால் புதினாவும் மற்ற மூலிகைகளும் வெந்நீரில் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

சகோதரியின் கணவருக்கு வழி இருக்கிறது. சர்க்கரை போடாத டீக்கு இங்கே மஸ்ஸூஸ் என்று பெயர், உப்புச் சப்பில்லாதது என்று அர்த்தம். பெயரிலேயே அபிப்பிராயம் தெரிகிறது, பாருங்கள். இன்றைக்கு நீரிழிவு இல்லாத வீடு குறைவு என்பதால் நிறைய பேர் மஸ்ஸூஸாகவே போட்டு, சர்க்கரைத் துண்டுகளைத் தட்டில் தனியாக வைத்துவிடுகிறார்கள். ஒன்று கவனியுங்கள்: இனிப்பைக் குறைத்தால் கசப்பு துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் தேயிலையையும் முக்கால் கரண்டியாக்குங்கள், தீயில் வைக்கிற நேரத்தையும் ஒரு நிமிடம் குறையுங்கள், புதினாவைக் கூட்டுங்கள்.

மூன்றாம்மாடி எழுதியது:

அண்ணா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். படித்து முடித்த கையோடு அடுப்படிக்கு ஓடினேன். இரண்டு கிளாஸையும் ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே. இரண்டாவது கிளாஸில் அடியில் மெல்லிய பழுப்பு வண்டல் வேறு. இத்தனை நாள் அதைத்தான் கொதிக்கவைத்துக் குடித்திருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். பர்ராத் மூக்கில் இலை அடைத்துக்கொள்கிறது. அப்புறம், நேற்று இரவு ஒன்பது மணிக்கு மூன்று கிளாஸ் குடித்தேன், இரண்டு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். பச்சைத் தேயிலை தூக்கத்தைக் கெடுக்காது என்று நினைத்தேனே?

சந்தையில் புதினாக்காரர் ‘அப்தி, அப்தி’ என்று கூவுகிறார். அது என்ன?

அஸ்ரூவாசி எழுதியது:

குறுக்கே வருகிறேன். நான் மத்திய அட்லஸ் மலையில் அஸ்ரூவில் ஆசிரியை. அப்தி என்றால் அப்தா வட்டாரத்துப் புதினா, சாஃபி பக்கம். உங்கள் ஊருக்குத் தெற்கேதான், அதனால் வாடாமல் கிடைக்கும், விடாதீர்கள். மெக்னெஸ் புதினாவுக்கும் பெயர் உண்டு. எதுவானாலும் நானா என்று கேட்டு வாங்குங்கள். இது கார்வோன் என்ற வாசனைப் பொருளின் மணம் உள்ள இனிப்புப் புதினா. மிட்டாய் மாதிரி சில்லென்று மூக்கில் ஏறுகிற மெந்தால் வகை டீக்கு முரடு. கட்டைப் பிரித்து, பூங்கொத்து மாதிரி தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். தினம் தண்ணீர் மாற்றினால் நாலைந்து நாள் தாங்கும்.

குளிர்காலத்தில் எங்கள் பக்கம் புதினா மெலிந்துவிடும். அப்போது ஷீபா போடுவோம். சாம்பல் பச்சை நிறத்தில் மாசிப்பச்சைக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒரு செடி. ஒரு பர்ராதுக்கு ஒரே ஒரு சின்னக் கொம்பு. இரண்டு போட்டீர்கள் என்றால் வேப்பிலைக் கஷாயம் குடித்த முகம்தான். லூயிஸா என்ற இலையும் போடலாம், எலுமிச்சை மணம் வரும், பயமில்லை. ஃப்லியோ என்று ஒன்றையும் கட்டுக்கட்டாக விற்பார்கள், பார்க்கப் புதினாத் தம்பி மாதிரியே இருக்கும். சளிக்கு நல்லது என்பார்கள். கர்ப்பிணிகள் அதையும் ஷீபாவையும் தொடவே கூடாது. எங்கள் பள்ளியில் இதைத் தெரியாமல் குடிக்கப் போன ஒரு ஆசிரியையைக் கிளாஸோடு நிறுத்தினோம்.

தூக்கத்துக்கு: பச்சைத் தேயிலையிலும் காஃபீன் இருக்கிறது. மூன்று கிளாஸ் உள்ளே போனால் அது தன் வேலையைச் செய்யத்தான் செய்யும். இரவில் லூயிஸாவை மட்டும் வெந்நீரில் போட்டுக் குடியுங்கள்.

அவசரக்குடுக்கை எழுதியது:

மூன்று கிளாஸ் என்றதும் ஞாபகம் வந்தது. முதல் கிளாஸ் வாழ்க்கை போல் கசப்பு, இரண்டாவது காதல் மாதிரி, மூன்றாவது மரணம் போல் மென்மை என்று பாலைவனப் பயணத்தில் வழிகாட்டி சொன்னார். அதைக் கால்தியிடம் சொல்லி அசத்துங்கள்!

தர்ப் உமர் கணக்குப்பிள்ளை எழுதியது:

சொல்லாதீர்கள். அது சஹாரா வழக்கு. ஒரே இலையில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு தடவையும் சர்க்கரை சேர்த்துச் சேர்த்துக் குடிப்பார்கள், அதனால் ருசி மாறிக்கொண்டே போகும். அங்கே டீக்கு மூன்று வேண்டும் என்பார்கள்: ஜர், ஜமர், ஜமாஅ. இழுத்தடிப்பு, தணல், கூட்டாளிகள். ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரம் ஆனாலும் யாரும் கடிகாரம் பார்க்கமாட்டார்கள். அல் ஜதீதாவில் உங்கள் கால்தி ஒரே பர்ராதில்தான் முடிப்பார். வாழ்க்கை, மரணம் என்று ஆரம்பித்தால் பயந்துவிடுவார்.

அடைப்புக்கு: இலையைக் கிள்ளிப் போடாதீர்கள். உதிரி இலைதான் மூக்கில் போய் உட்காரும். காம்போடு மடக்கிப் போட்டால் அந்தக் கட்டே சல்லடையாக நிற்கும். மூக்கு தொடங்குகிற இடத்தில் உள்ளே துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மலிவுப் பர்ராதில் அங்கே ஒரே பெரிய ஓட்டையாக விட்டிருப்பார்கள்.

மூன்றாம்மாடி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமைக் கதை.

கால்தி வந்தார், கையில் நீலத் தாள் கூம்போடு! பயிற்சிக்கு நான் எத்தனை பர்ராத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன் என்று அவருக்குத் தெரியாது. முதல் தண்ணீரை நான் கிளாஸில் வடித்து எடுத்து வைத்ததுமே புருவத்தைத் தூக்கினார். இரண்டாவதைக் கொட்டினபோது தலையை ஆட்டினார். தீயை அணைக்க ஒரு நொடி தாமதித்தேன், ‘ஷுவிய’ என்று அவரே கை நீட்டி அணைத்துவிட்டார். அண்ணா சொன்னது சரி, அந்தக் கொஞ்சம் தீக்குத்தான்.

ஒரு சாண் உயரம்தான் தூக்கினேன். மூன்று கிளாஸில் தலைப்பாகை நின்றது, நாலாவதில் மேசைத்துணிக்குப் போனது. கணவருக்காக மஸ்ஸூஸாகவே போட்டிருந்தேன். சர்க்கரைத் துண்டு தனித் தட்டில்.

ஒரு வாய் குடித்தார். ‘மெஸ்யான்’ என்றார், நன்றாக இருக்கிறது என்று. எனக்கு உயிர் வந்தது. அப்புறம் ‘வலாகின்...’ என்று இழுத்தார். ஆனால் என்று அர்த்தம். இழுத்துக்கொண்டே தட்டிலிருந்து மூன்று துண்டு எடுத்துத் தன் கிளாஸில் போட்டுக்கொண்டார், கரண்டி கேட்டு வாங்கினார், கலக்கினார்.

கரண்டியால்! அண்ணா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தர்ப் உமர் கணக்குப்பிள்ளை எழுதியது:

கால்தி கலக்கினால் சரிதான், சகோதரி. அவர் கொண்டுவந்த கூம்பை எப்படி உடைப்பது என்று தெரியுமா? தாளைப் பிரிக்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்து, நுனியிலிருந்து தட்டிக்கொண்டு வாருங்கள். பிரித்துவிட்டுத் தட்டினால் அடுப்படி முழுக்க எறும்பு.